கத்திரி வெயிலில் இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே, எப்போது வெளியே போகிறீர்கள்?

வேளச்சேரித் தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, இளையவனுக்கு இரண்டரை வயது. பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து இருவரும் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்கள். கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால் ஒரு வாரம் காலையில் வீட்டில் இருப்பார், மறு வாரம் மாலையில் இருப்பார். எங்களிடம் கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

நான் கேட்பது சென்னையில் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டிய இடங்களின் பட்டியல் அன்று. அப்படிப்பட்ட பட்டியல்கள் இணையத்தில் வேண்டிய அளவு கிடைக்கின்றன, நானும் படித்துவிட்டேன். அவற்றை எழுதியவர்கள் ஒரே ஒரு பிள்ளையோடு, அதுவும் மார்கழி மாதத்தில் போய்வந்தவர்களாக இருக்க வேண்டும். என் மகளுக்கு ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் நின்று பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டும். மகனுக்கு மானும் வேண்டாம், மயிலும் வேண்டாம். நாலு படிக்கட்டு கிடைத்தால் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பான். பன்னிரண்டரை மணி ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் அவனுக்குக் கண் சொக்கிவிடும். அந்த நேரத்தில் படுக்க வைக்க வழியில்லை என்றால் வீடு வந்து சேரும் வரை அழுகைதான், அவன் அழுவதைப் பார்த்து அவளும் சிணுங்கத் தொடங்குவாள்.

"இந்த வெயிலில் பிள்ளைகளை எதற்கு இழுத்துக்கொண்டு அலைகிறாய், ஜூன் வந்தால் பள்ளி திறந்துவிடப் போகிறது" என்று மாமியார் சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு அறை கொண்ட வீட்டில் இருவரும் ஒரே பொம்மைக்கு அடித்துக்கொள்வதைக் காலையிலிருந்து இரவு வரை விலக்கிக்கொண்டிருப்பதும் அலைச்சல்தானே? இதே போன்ற வயது இடைவெளியில் இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் மே மாதத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அடையாற்றுத் தந்தை

எங்கள் வீட்டிலும் இருவர்தான். ஏழு வயதில் ஒருவன், மூன்று வயதில் ஒருத்தி. மே மாதத்தில் இடத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. நேரத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குள் எது அடங்குமோ அங்கே போங்கள். சென்னையில் இந்த மாதம் ஐந்தே முக்கால் மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறது. ஆறு மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகள் தாராளமாக ஓடியாடலாம். அதற்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், பிறகு மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியே தலை காட்ட முடியும். உங்கள் மகன் பன்னிரண்டரைக்குத் தூங்குகிறவன் என்றால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது என்று அவனே உங்களுக்காக முடிவு செய்து தருகிறான்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். பன்னிரண்டு, ஒரு மணிக்கே வந்துவிட்டால் மாலைப் பொழுது தாங்கும்படி இருக்கும். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் தாமதப்படும், வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி. அதாவது பஞ்சாங்கப்படி கத்திரி விடைபெற்ற பிறகு வந்த வெயில் அது. ஆகவே நாட்காட்டியில் அக்னி நட்சத்திர நிவர்த்தி என்று போட்டிருப்பதை நம்பி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மொட்டை மாடிக் கதவைத் திறந்து பாருங்கள். கிழக்கிலிருந்து காற்று வந்திருந்தால் மட்டும் மாலைப் பயணத்தைப் பற்றி யோசியுங்கள்.

எங்களுக்கு வாய்த்த இடம் பெசன்ட் நகர் கடற்கரை, அதுவும் காலையில். மாலையில் அங்கே கூட்டமும் வண்டிகளும் பஜ்ஜிக் கடைகளும்தான், பிள்ளையைக் கண்ணிலிருந்து விலக்க முடியாது. காலையில் ஊரூர் குப்பத்துப் பக்கம் போனால் படகுகள் கரையேறிக்கொண்டிருக்கும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவதைப் பெரியவன் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பான். சின்னவளுக்கு நண்டு வளைகள் போதும். வளைக்குள் உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்பிவிட்டுத் தோண்டினால், ஈர மணலுக்கு நடுவே அந்த உலர்ந்த மணல் வெளுப்பாகத் தெரியும், அதைப் பின்தொடர்ந்தே போனால் நண்டு இருக்கும் இடம் கிடைத்துவிடும். இதை அங்கே ஒரு மீனவச் சிறுவன் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். அன்றிலிருந்து அவள் கேட்கும் விளையாட்டு இது ஒன்றுதான். தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறங்குவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும் வேகம் பெரியவர்களையே சாய்த்துவிடும். ஒரே ஆள் இரண்டு பிள்ளைகளோடு அங்கே போகவே கூடாது.

மதுரைவாசி

அடையாற்று நண்பர் நேரத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் அதோடு ஆளையும் சேர்த்துக்கொள்வேன். எங்கே போனாலும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இருவருக்கும் பிடிக்கும் இடம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஒருவருக்குப் பிடித்ததை மற்றவர் பொறுத்துக்கொள்ளும் இடம்தான் உண்டு. நாங்கள் விடுமுறை நாளில் பிரித்துக்கொள்கிறோம். நான் பெரியவளை அழைத்துக்கொண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் சிறுவர்களுக்கென்று ஒரு பெரிய பிரிவே இருக்கிறது, குளிர்சாதன வசதி இருப்பதால் நண்பகலிலும் உட்கார்ந்திருக்கலாம். மனைவி சின்னவனோடு வீட்டில் இருப்பார், அல்லது தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சல் ஆட்டுவார். அடுத்த முறை ஆள் மாறிக்கொள்வோம்.

சென்னையில் இதற்கு இணையாகக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே? 2010இல் திறந்தபோது நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். சிறுவர் பிரிவின் நடுவே செயற்கை மரம் ஒன்று வைத்திருப்பார்கள். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் நேராகக் கோட்டூர்புரத்தில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து நடை அல்லது ஆட்டோ. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ரயிலில் பயணச்சீட்டு தேவையில்லை, உங்கள் மூத்தவளுக்கு அரைச் சீட்டு.

அம்பத்தூர் அம்மா

பிரித்துக்கொண்டு போவது என்பது விடுமுறை நாளில் இரண்டு பெரியவர்கள் ஒருசேர வீட்டில் இருப்பவர்களுக்குச் சாத்தியம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நால்வரும் ஒன்றாக இருக்கிறோம், அன்றும் பிரிந்து போவதென்றால் பிறகு சேர்ந்திருப்பது எப்போது? தவிர, மூத்தவளை அப்பாவோடு நூலகத்துக்கும் இளையவனை அம்மாவோடு பூங்காவுக்கும் பழக்கிவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துப்போகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. என் பிள்ளைகள் ஒருவர் தூங்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் விளையாட வேண்டும் என்பதைச் சேர்ந்து போன பயணங்களில்தான் கற்றுக்கொண்டார்கள்.

இருவருக்கும் ஒத்துவந்த இடம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது, பெரம்பூர் பக்கத்தில் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகம். பழைய நீராவி இன்ஜின்களும் பெட்டிகளும் திறந்த வெளியில் நிற்கின்றன, சிறிய பொம்மை ரயிலும் ஓடுகிறது. பெரியவனுக்குச் சக்கரங்களை எண்ண வேண்டும், சின்னவளுக்கு ரயிலில் உட்கார வேண்டும், இரண்டும் ஓரிடத்தில் நடந்துவிடுகின்றன. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு அந்த இரும்பில் கை வைக்க முடியாது. இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்து ஏற முயன்ற பிள்ளைகள் வீறிட்டதைப் பார்த்திருக்கிறேன். திறந்தவுடன் போய், பதினொரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

மதுரைவாசி

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நான் எப்போதும் பிரிந்தே போகச் சொல்லவும் இல்லை. ஆனால் பொறுத்துப்போகக் கற்றுக்கொள்வது என்பதில் ஐந்து வயதுப் பிள்ளையின் மேல்தான் எப்போதும் பாரம் விழுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சின்னவன் அழுதால் வீட்டுக்குத் திரும்புகிறோம், சின்னவனுக்குப் பசித்தால் உட்காருகிறோம், சின்னவன் தூங்கினால் எல்லாரும் நிற்கிறோம். "நீ பெரியவள் அல்லவா" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவளுடைய விடுமுறை முழுவதையும் அவனுடைய தூக்கத்துக்கு ஏற்ப வெட்டிவிடுகிறோம். அவளுக்கென்று ஒரு முழு நேரம், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும் நேரம், இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

வேலூர்ச் செவிலியர்

குழந்தைகள் நலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். எங்கள் ஊர் வெயிலை நான் விவரிக்கத் தேவையில்லை.

சிறு பிள்ளைகள் தாகம் என்று சொல்ல மாட்டார்கள், விளையாட்டு மும்முரத்தில் அவர்களுக்கே தெரியாது. கேட்டுக் கொடுக்காமல், அரை மணிக்கு ஒருமுறை நாலு வாய் தண்ணீரையோ நீர் மோரையோ நீங்களாகக் கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பிள்ளை ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தோளில் சாய்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது அவசர நிலை. துணியைத் தளர்த்தி, நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் உடலைத் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலமும் கிடைக்கிறது, 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கிடைக்கிறது. பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கலக்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்பு கூடினால் அதுவே கெடுதல். எந்தப் பொட்டலமோ அதில் குறித்துள்ள அளவுத் தண்ணீரை அளந்து, முழுவதையும் கொட்டிக் கலக்க வேண்டும், கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் பழச்சாறு போல விற்கும் இனிப்புப் பானங்களை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே உத்தரவிட்டிருக்கிறது.

நுங்கு நல்லது. ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு முழுச் சுளையாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தோலை உரித்து, கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுங்கள். வியர்க்குருவுக்குப் பவுடரை அப்பி மூடுவதைவிட, இரண்டு வேளை குளிப்பாட்டி மெல்லிய பருத்தித் துணி உடுத்திக் காற்றாட விடுவதே போதும்.

போரூர்க்காரர்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. நாங்கள் நால்வரும் ஸ்கூட்டரில் ஏறி, மாலை ஆறு மணிக்குப் பக்கத்துப் பூங்காவுக்கோ கோயிலுக்கோ ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோம். பெரியவன் முன்னால் நின்றுகொள்வான், சின்னவள் நடுவில் இருப்பாள். காற்று வாங்கியது போலவும் ஆயிற்று, செலவும் இல்லை.

அடையாற்றுத் தந்தை

போரூர் நண்பர் தவறாக எண்ணக் கூடாது, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இருசக்கர வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், முன்னால் நிற்கும் பிள்ளை பிரேக் பிடித்தால் எங்கே போய் மோதும் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

போரூர்க்காரர்

ஊரில் எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள் என்றுதான் சொல்ல வந்தேன். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அம்பத்தூர் அம்மா

நியாயமான கேள்வி. மாநகரப் பேருந்தை நாம் மறந்துவிட்டோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று 2022 மே மாதம் அறிவித்தார்கள். ஆக, நானும் என் இரண்டு பிள்ளைகளும் ஊரின் எந்த மூலைக்கும் காசில்லாமல் போய்வந்த காலம் உண்டு. மெட்ரோவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சீட்டு வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய்த் திரும்புவதையே என் மகள் சுற்றுலாவாகக் கொண்டாடுகிறாள். இறங்கிப் பார்க்க எதுவுமே தேவையில்லை. படிக்கட்டுப் பிரியரான உங்கள் மகனுக்கு நகரும் படிக்கட்டைக் காட்டினால் வீட்டுக்கு வர மாட்டான், ஜாக்கிரதை. காலணி முனையும் பாவாடைக் கரையும் இடுக்கில் மாட்டாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்தார்

இவ்வளவு பேர் பேசியும் மலைக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்காதது வியப்பாக இருக்கிறது. சமவெளியில் வெந்துகொண்டிருப்பதைவிட நான்கு நாட்கள் உதகைக்கு வந்துவிட்டுப் போகலாமே என்று பலர் கேட்பார்கள், ஆகவே உள்ளூர்க்காரன் என்ற முறையில் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பதால் ஊரே நிரம்பி வழியும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வரையறுத்தார்கள். கிளம்பும் முன் அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசை மலை ரயில் மேல்தான். 1908இல் உதகை வரை ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த ரயில் அது, எங்களுக்கே பெருமைதான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு ஏறினால் 46 கிலோமீட்டர் மலையேறி உதகை சேர நண்பகல் ஆகிவிடும். நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெட்டியில் ஐந்து மணி நேரம் ஓரிடத்தில் உட்கார இரண்டரை வயதுப் பிள்ளையால் முடியாது. அதனால் குன்னூருக்குப் பேருந்தில் வந்துவிட்டு, அங்கிருந்து உதகை வரையுள்ள 19 கிலோமீட்டரை மட்டும் ரயிலில் போங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், சுரங்கமும் பாலமும் தேயிலைத் தோட்டமும் அதிலும் வரும். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கவில்லையே என்று உங்களுக்கு வேண்டுமானால் ஏக்கம் வரலாம், பிள்ளைகளுக்கு வராது.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் ஏறும் முன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள். இட்லி ஒன்று போதும், பால் வேண்டாம். முன் இருக்கையில், சன்னல் பக்கம் உட்கார வையுங்கள், செல்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள்.

மயிலாடுதுறைத் தாத்தா

எனக்கு எழுபது வயது ஆகிறது. பேரப் பிள்ளைகள் இருவர், சென்னையிலிருந்து மே மாதம் முழுவதும் எங்களிடம்தான் இருப்பார்கள். நீங்கள் எல்லாரும் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்றே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அவர்கள் எங்கும் போவதில்லை. கிழவி மொட்டை மாடியில் வடகம் பிழிவாள். காலை ஆறரைக்கு வேட்டியை விரித்துக் கல் வைத்துவிட்டால், காக்கை விரட்டும் பொறுப்பு பெரியவனுக்கு, பாதி காய்ந்த வடகத்தைத் திருடித் தின்னும் பொறுப்பு சின்னவளுக்கு. பத்து மணிக்குப் பம்புசெட்டுத் தொட்டியில் குளியல். மதியம் திண்ணையில் பல்லாங்குழி. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு எண்ணச் சொன்னால் கணக்கும் வரும், கைக்கும் வேலை இருக்கும். சின்னவளுக்குப் புளியங்கொட்டை கொடுப்பதில்லை, மூக்கில் திணித்துக்கொள்வாள். அவளுக்குப் பெரிய சோழிகளைத் தருவோம்.

இந்த மாதத்தில் எங்கள் பக்கம் காவிரியில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதிதான் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாள் பிடிக்கும். அதுவரை ஆறு முழுக்க மணல். மாலையில் போய் ஊற்றுத் தோண்டினால் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. தாய் தகப்பன் சென்னையில் நிம்மதியாக வேலைக்குப் போகட்டும், பிள்ளைகளை ஊருக்கு அனுப்புங்கள் என்பதுதான் என் யோசனை.

வேலூர்ச் செவிலியர்

ஐயா சொல்வதைக் கேட்கவே இனிமையாக இருக்கிறது, அப்படி ஒரு வீடு அமைந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் பணியில் இருந்தபோது கோடை விடுமுறையில் கிராமத்துக்கு வந்த நகரத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் குட்டையிலும் விழுந்து கொண்டுவரப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன். உள்ளூர்ப் பிள்ளைக்கு எந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை என்று தெரியும், வந்த பிள்ளைக்குத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் எங்கே இருக்கின்றன என்பது பல நேரங்களில் உள்ளூர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. பம்புசெட்டுத் தொட்டியிலும் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும் இரண்டு வயதுப் பிள்ளை மூழ்க. தாத்தா பாட்டி இருவரும் எழுபதைத் தொட்டவர்கள் என்றால் ஓடிப் பிடிக்கத் தெம்புள்ள ஒருவர் கூட இருக்கட்டும்.

மயிலாடுதுறைத் தாத்தா

அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் தொட்டி பக்கம் போகும்போது மருமகளின் தம்பியும் கூடவே வருவான். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறோம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், வடகத்தின் ஞாபகத்தில் விட்டுப்போயிற்று.

வேளச்சேரித் தாய்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இருவரையும் ஊருக்கு அனுப்பும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை, என் பெற்றோரும் சென்னையில் மூன்றாம் மாடி வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் வடகம் போடுவது இங்கேயும் முடியும் என்பதால் மாமியாரிடம் கேட்டேன். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டாம் என்று சொன்னவர், கூழ் கிண்டுவதற்கு முந்தைய நாளே அரிசியை ஊற வைத்துவிட்டார்.

முந்தாநாள் மகளை மட்டும் கோட்டூர்புரம் நூலகத்துக்கு அழைத்துப் போனேன், கணவர் மகனோடு வீட்டில் இருந்தார். பறக்கும் ரயிலில் வரிசையாக நிலையப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். "கஸ்தூர்பா" என்பதில் ஸ்-க்கு மேலே ஏன் புள்ளி என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவியிடம் கேட்டு, அந்தப் பெண் கோட்டூர்புரம் வரும் வரை விளக்கிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் மகள் ஒரே யானைக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மதுரை நண்பர் சொன்னது போல, நடுவில் எழுந்து ஓட வேண்டியிராத ஒரு காலைப் பொழுது அவளுக்குக் கிடைத்தது. அம்பத்தூர் சகோதரியின் வாதமும் எனக்கு மனத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த யானைக் கதையைத் தம்பிக்குச் சொல்லப் போய், அவன் கேட்காமல் ஓடியதால் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து இருவரையும் சேர்த்தே கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். வண்டலூர் 600 ஹெக்டேருக்கு மேல் பரந்தது, பேட்டரி வண்டி இருந்தாலும் இந்த மாதத்தில் வேண்டாம், மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிண்டியில் மர நிழல் இருக்கிறது, 2024இல் புதுப்பித்த பிறகு நாங்கள் போகவில்லை. கணவருக்கு வரும் செவ்வாய்க்கிழமை வார விடுப்பு. காலையில் திறந்ததும் உள்ளே போய்விட்டு, பக்கத்தில் இருக்கும் பாம்புப் பண்ணையையும் பார்த்துக்கொண்டு பதினொன்றரைக்குள் வீடு திரும்பினால் மகனின் தூக்கமும் கெடாது. கைக்குழந்தை வண்டியைக் கொண்டுபோகலாமா, தூக்கிக்கொள்வதே மேலா என்று சொல்ல முடியுமா?

அம்பத்தூர் அம்மா

செவ்வாய்க்கிழமை சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் விடுமுறை, வண்டலூருக்கும் அதே நாள்தான். அவருக்கு வேறு நாள் மாற்றிக்கொள்ள முடியாவிட்டால் அன்றைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது, உங்கள் மகளுக்குப் படிக்கப் பெயர்ப் பலகைகளுக்கும் பஞ்சமில்லை. படிக்கட்டுகளும் உண்டு, ஆகவே வண்டி வேண்டாம். தோளில் மாட்டிக்கொள்ளும் துணித் தொட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.